பூஜ்ய வட்டித் தவணைக்கு 27 சதவீதம் கட்டுகிறீர்கள்

கேள்வி: சிங்கப்பூர் ஈசூனில் நாலறை வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. மாமியார் எங்களோடு தங்க வருகிறார், மகள் தொடக்கநிலை 5 படிக்கிறாள். அடியில் சாமான் வைக்கிற மாதிரி வரவேற்பறையில் ஓர் இருக்கையும், மகளுக்குப் படிப்பு மேசையும் வேண்டும். ரெனொவேஷன் தொழிலில் இருக்கும் மச்சான் 5,400 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) செய்து தருகிறேன் என்கிறார். கார்டில் 24 மாதத் தவணை, வட்டி கிடையாது, மாதம் 225. வீட்டில் சும்மா நிற்கும் இரண்டு ஐக்கியா கல்லாக்ஸ் அலமாரிகளையே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார் மனைவி. சோபா, ஃபிரிட்ஜ், ஃபோன், ரோபோ வேக்குவம் தவணைகளுக்கே இப்போது மாதம் 380 போகிறது. கார்டில் 3,000 பாக்கி இருக்கிறது, குறைந்தபட்சத் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். வேண்டாம் என்றால் மச்சான் வருத்தப்படுவார். என்ன செய்யட்டும்?

பதில்: தவணையில் வட்டி இல்லை என்பது உண்மைதான். ஆனால் அந்த 380 வெள்ளி கையைவிட்டுப் போவதால்தான் மளிகைக்கும் காய்கறிக்கும் கார்டைத் தேய்க்கிறீர்கள், அந்தப் பாக்கி நிற்கிறது. இங்கே கார்டு வட்டி ஆண்டுக்கு ஏறக்குறைய 27 சதவீதம். 3,000-க்கு மாதம் 67 வெள்ளி வட்டி. குறைந்தபட்சம் 3 சதவீதம் என்று வைத்தால் நீங்கள் கட்டுவது 90, அசலில் குறைவது வெறும் 23. சோபாவுக்கு வட்டி இல்லை, அரிசிக்கு 27 சதவீதம் கட்டுகிறீர்கள், இரண்டும் ஒரே பையிலிருந்துதான் போகிறது. இதன் மேல் இன்னொரு 225 ஏற்றினால் தவணை மட்டுமே 605 ஆகிவிடும், அப்புறம் அந்த 3,000 எப்போது குறையும்?

அதனால் மனைவி சொல்வதைக் கேளுங்கள், பாதி வரைக்கும்.

உங்களுடையது ஒற்றை வரிசையில் நான்கு கட்டம் உள்ள கல்லாக்ஸ் என்றால், படுக்க வைத்தால் 147 செ.மீ. நீளம், 42 செ.மீ. உயரம் வரும். மேலே 18 மி.மீ. பிளைவுட், அதற்கு மேல் 3 செ.மீ. மெத்தை போட்டால் கிட்டத்தட்ட 47 செ.மீ., முழங்கால் வலிக்கிற வயதில் எழுந்திருக்க வசதியான உயரம். இரண்டையும் ‘ட’ மாதிரி மூலையில் சேர்த்துப் போடலாம். ஆனால் பிளைவுட்டை விட்டுவிடாதீர்கள். அந்தப் பலகைகள் உள்ளே முழு மரமில்லை, காகித அட்டையைத் தேன்கூடு போல மடித்து நிரப்பியிருப்பார்கள். ரம்பத்தால் அறுத்தால் உள்ளே பொள்ளல்தான், நடுவில் திருகு போட்டால் பிடிக்காது, ஓரச் சட்டத்தில்தான் பிடிக்கும். பிளைவுட் போட்டால் ஆள் உட்காரும் பாரம் நடுத்தடுப்புகளுக்குப் பரவிப் போகும். இன்னொன்று, நம் வீடுகளில் தினமும் தரை துடைக்கிறோம், ஈரம் கீழ் ஓரத்தில் ஏறினால் அங்கிருக்கும் மரத்தூள் பலகை ஊதிப்போய் மேல்தாள் உரிந்துவிடும், பிறகு சரிசெய்ய வழியில்லை. நாலு மூலையிலும் நடுவிலும் ரப்பர் ஒட்டித் தரையிலிருந்து கொஞ்சம் தூக்கி வையுங்கள்.

செலவு? அளவுக்கு வெட்டிய பிளைவுட் 70, ஃபோம் 60, தேக்கா கடைகளில் துணி 40, திருகு, ரப்பர், வார்னிஷ் 30. ஏறக்குறைய 200 வெள்ளி, அதுவும் ரொக்கமாக.

படிப்பு மேசைக்கு இந்த வேலை வேண்டாம். நாலு கட்ட சதுர அலமாரியின் மேல் பலகை போட்டு மேசையாக்குவது பலர் காட்டும் வழிதான், ஆனால் அலமாரியே 77 செ.மீ., பத்து பதினொரு வயதுப் பிள்ளை தோளைத் தூக்கிக்கொண்டு எழுத வேண்டியிருக்கும். பழைய பொருள் விற்கும் கேரோசல் செயலியில் 80 வெள்ளிக்குள் நல்ல பழைய மேசை கிடைக்கும், நேரில் போய் ஆட்டிப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து, நான் கண்டிப்பாகச் சொல்வது. மச்சானுக்குக் கொடுக்கவிருந்த அந்த 225-ஐ இந்த மாதமே கார்டுப் பாக்கிக்குத் திருப்புங்கள். 90-உடன் சேர்த்து 315 கட்டினால் 11 மாதத்தில் 3,000 தீரும், வட்டியாக மொத்தம் 400-க்குச் சற்று மேல் போகும். அதுவரை அந்தக் கார்டில் எதையும் வாங்காதீர்கள். பாக்கி நிற்கும்போது புதிதாக வாங்குவதற்கும் பெரும்பாலும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும். ‘இப்போது வாங்கு, பிறகு கட்டு’ செயலிகளை ஃபோனிலிருந்து எடுத்துவிடுங்கள். மூன்று தவணை என்று சின்னதாகக் காட்டுவதால்தான் அந்த ரோபோ வேக்குவம் உங்கள் வீட்டுக்குள் வந்தது. பாக்கியை வேறு வங்கிக்கு மாற்று, ஆறு மாதம் வட்டியில்லை என்று யாராவது அழைத்தால், முன்கூட்டியே பிடிக்கும் கட்டணம் எவ்வளவு, ஆறு மாதத்தில் உங்களால் முடிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மாதம் 315-இல் முடியாது.

மச்சானிடம் பட்ஜெட் இல்லை என்று மழுப்ப வேண்டாம், 3,000 பாக்கி இருப்பதைச் சொல்லிவிடுங்கள். தொழில் தெரிந்தவர், ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பிளைவுட்டை அளந்து பொருத்தித் தரச் சொல்லுங்கள். அந்த நாளுக்கான கூலியைக் கையில் கொடுத்துவிடுங்கள், சும்மா செய்யச் சொல்லாதீர்கள். அதற்குப் பிறகும் 5,400-தான் வேண்டும் என்று நின்றால், கார்டுக் கணக்கு பூஜ்யமானதும் பேசலாம் என்று மனைவியே அண்ணனிடம் சொல்லட்டும்.