அடுக்குச் செம்பருத்தியில் தேனீக்கு என்ன வேலை?

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மொட்டை மாடியில் பீர்க்கு, பூசணி, கத்தரி போட்டிருக்கிறேன். பீர்க்கிலும் பூசணியிலும் பெண் பூ பிஞ்சோடு மஞ்சளாகி உதிர்கிறது. தேனீ வந்தால் சரியாகிவிடும் என்று நர்சரியில் சொன்னதால் அடுக்குச் செம்பருத்தி, காகிதப்பூ, இட்லிப்பூ எனப் பன்னிரண்டு தொட்டி வாங்கினேன். பூத்துக் குலுங்குகிறது, தேனீதான் வரவில்லை. செம்பருத்தியில் மாவுப்பூச்சி வந்ததால், மருந்துக் கடையில் கொடுத்த இமிடாகுளோபிரிட்டை எல்லாப் பூச்செடித் தொட்டிகளிலும் ஊற்றினேன். தேனீப் பெட்டி வாங்கி வைக்கலாமா?

பதில்: பெட்டி வேண்டாம் அம்மா. காரணம் பிறகு. முதலில் காய்.

பீர்க்கம்பூ விரிவதே சாயங்காலம், தேனீ கூடு திரும்பும் நேரத்தில். அதற்குத் தேனீயை நம்பி இருக்காதீர்கள். பொழுது சாய்ந்ததும் ஆண் பூ ஒன்றைப் பறித்து, இதழ்களைக் கிள்ளிவிட்டு, பெண் பூவின் நடுவில் லேசாகத் தடவுங்கள். பூசணி நேர்மாறு. விடியலில் விரிந்து வெயில் ஏறுவதற்குள் சுருங்கிவிடும், அதனால் காலை ஏழு மணிக்குள் இதே வேலை. காய்ப் பிரச்சினை இவ்வளவுதான்.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது, வாங்கிய செடிகளில் தேனீக்குச் சாப்பிட என்ன இருக்கிறது என்பதை. அடுக்குச் செம்பருத்தியில் மகரந்தம் தர வேண்டிய கேசரங்கள்தான் கூடுதல் இதழாகி நிற்கின்றன. காகிதப்பூவின் கலர் எல்லாம் இலைதான். உண்மையான பூ உள்ளே இருக்கும் சின்ன வெள்ளைக் குழல். இட்லிப்பூவில் தேன் உண்டு, ஆனால் குழல் ஓர் அங்குலத்துக்கு மேல் நீளம். தேனீயின் நாக்கு எட்டாது, வண்ணத்துப்பூச்சிக்கு எட்டும். அதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

நர்சரிக்காரருக்குப் பூ பெரிதாக இருந்தால் செடி விற்கும், அவ்வளவுதான் அவர் கணக்கு. நான் சொல்வதெல்லாம் மலிவான செடிகள். ஒற்றை இதழ்ச் செம்பருத்தி. கதிரைக் கிள்ளாமல் பூக்கவிட்ட துளசி, திருநீற்றுப்பச்சிலை. சமையலுக்கு வெட்டாமல் பூக்கவிட்ட கறிவேப்பிலை. இவை பூத்தால் கொசுத்தேனீ தானாக வரும். அது மதில் ஓட்டையில் கூடு கட்டும், கொட்டாது. சிமெண்ட் வைத்து அடைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட ஆவாரை. பெரிய தொட்டியில் வைத்து, பூத்து முடிந்ததும் வெட்டிவிட்டால் புதராக நிற்கும். அதன் பூவில் தேனே கிடையாது, மகரந்தம் மட்டும்தான். அதுவும் மகரந்தப் பையின் நுனியில் உள்ள சின்னத் துளை வழியாகத்தான் வெளியே வரும். கருவண்டும் உடலில் நீலப் பட்டை போட்ட தேனீயும் பூவைப் பிடித்துத் தொங்கி, 'ஞ்ஞ்' என்று உடம்பை அதிரவைத்து அதை உதிர்க்கும். காலையில் பக்கத்தில் நின்றால் காதில் விழும். கத்தரிப் பூவும் இதே அமைப்பு. பெட்டித் தேனீக்கு இந்த அதிர்வு வித்தை தெரியாது. ஆக, பெட்டி வைத்தாலும் கத்தரிக்குப் பெரிய லாபம் இல்லை. கருவண்டு தங்க, காய்ந்த மூங்கில் கழி இரண்டை மழை படாத இடத்தில் கட்டிவிடுங்கள். நீலப் பட்டைக்காரிக்கு வெறும் மண் வேண்டும். வீட்டைச் சுற்றி ஓரடி அகலமாவது டைல்ஸ் ஒட்டாமல் விட்டிருக்கிறீர்களா?

அப்புறம் அந்த மருந்து. வேர் வழியாக ஏறி இலை, தேன், மகரந்தம் எல்லாவற்றிலும் போய்ச் சேரும் நஞ்சு அது. ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் அதைத் திறந்தவெளியில் பயன்படுத்தத் தடை போட்டதே தேனீக்களுக்காகத்தான். 2017இல் இங்கிலாந்தில் சசெக்ஸ் பல்கலைக்கழகத்தார், தேனீக்கு உகந்தது என்று விற்ற செடிகளைச் சோதித்தபோது பெரும்பாலானவற்றில் பூச்சிக்கொல்லி எச்சம் இருந்தது. நம் நர்சரிகள் மட்டும் யோக்கியமா? வாங்கும்போதே என்ன ஊற்றினார்கள் என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் விதை போட்டு நீங்களே வளருங்கள். மாடித் தோட்டத்துக்கு இந்த மருந்தைக் கொடுக்கும் கடைக்காரருக்கு விற்பனைதான் தெரியும், விவசாயம் தெரியாது.

மருந்து ஊற்றிய செடிகளில் வரும் மொட்டுகளை இந்தப் பருவம் முழுக்கக் கிள்ளிவிடுங்கள், அந்தச் செம்பருத்தியைத் தலைக்கு எண்ணெய் காய்ச்சப் பறிக்காதீர்கள். இனி மாவுப்பூச்சி வந்தால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடித்துவிட்டு, காதி சோப்புக் கரைசலை இலையின் அடிப்பக்கம் படத் தெளித்தால் போதும். தண்டில் எறும்பு ஏறுகிறதா பாருங்கள். எறும்பைத் தடுக்காதவரை மாவுப்பூச்சி திரும்பத் திரும்ப வரும்.