சில டிஎக்ஸ்டி (.txt) குறிப்புகள் மட்டும் வேர்டில் திறப்பது ஏன்?

நீங்கள் சொன்னபடி சில குறிப்புகள் மட்டும் வேர்டில் திறக்கின்றன, மற்றவை நோட்பேடில் ஒழுங்காகத் திறக்கின்றன. அப்படியானால் டீஃபால்ட் ஆப்பில் (அந்த வகைக் கோப்பைத் தானாகத் திறக்கும் செயலியின் அமைப்பில்) கோளாறு இல்லை, இருந்தால் எல்லாமே வேர்டுக்குத்தான் போயிருக்கும். அந்தக் கோப்புகளின் முழுப்பெயர் 'கணக்கு.டிஎக்ஸ்டி.டாக்எக்ஸ்' என்பது போல இருக்கலாம் (டாக்எக்ஸ் என்பது வேர்டின் கோப்பு வகை), தனக்குத் தெரிந்த எக்ஸ்டென்ஷனை, அதாவது பெயரின் கடைசிப் புள்ளிக்குப் பின் வரும் வாலை, விண்டோஸ் மறைத்துவிடும் (யார் கேட்டார்கள் இந்த வசதியை!), அதனால் கண்ணுக்கு முன்பாதி மட்டும் தெரியும். விண்டோஸ் 11 என்றால் எக்ஸ்ப்ளோரரில் வியூ, ஷோ, அதில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் டிக் செய்து பாருங்கள்.

வால் தெரிந்ததும் அதை வெட்டி ரீநேம் செய்துவிடாதீர்கள், டாக்எக்ஸ் உள்ளுக்குள் ஒரு ஜிப் கோப்பு, நோட்பேடில் வெறும் குப்பையாகத் தெரியும். வேர்டிலேயே திறந்து, சேவ் ஆஸில் பிளெயின் டெக்ஸ்ட் கொடுங்கள். அப்போது என்கோடிங் (எழுத்துகளைக் கோப்பில் பதியும் முறை) கேட்கும், யூடிஎஃப்-8 தேர்ந்தெடுக்க வேண்டும், விண்டோஸ் டீஃபால்ட்டை விட்டால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகிவிடும்.

பெயர் சரியாகவே இருந்தால் மட்டும் ரைட் கிளிக், ஓபன் வித், சூஸ் அனதர் ஆப், நோட்பேட், ஆல்வேஸ். அப்புறம் என்ன ஆனது என்று சொல்லுங்கள்.