பிழியும் நேரத்தில் மறுபடி தண்ணீர் பிடிக்கும் வாஷிங் மெஷின்

கேள்வி: எங்கள் வீட்டில் உள்ள, மேல்புறம் திறக்கும் முழுத் தானியங்கி வாஷிங் மெஷின் ஏழு ஆண்டுகள் பழையது. துவைப்பதும் அலசுவதும் ஒழுங்காக நடக்கின்றன. பிழியத் தொடங்கியதும் டப் பக்கவாட்டில் இடித்துக்கொண்டு நின்றுவிடுகிறது. மறுபடி தண்ணீர் பிடிக்கிறது. சில முறை இப்படிச் செய்துவிட்டு பீப் ஒலியுடன் ஓய்ந்துவிடுகிறது. வந்து பார்த்த மெக்கானிக், மெஷினைக் கட்டுப்படுத்தும் மின்னணு போர்டை மாற்ற வேண்டும் என்கிறார். வீட்டிலேயே சரிபார்க்க வழி உண்டா? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் எழுதியுள்ள அறிகுறிகளை வைத்துப் பார்த்தால், போர்டைக் கடைசியாகத்தான் சந்தேகிக்க வேண்டும். துணி ஒரு பக்கமாகச் சேர்ந்து டப் தாறுமாறாக ஆடினால், சுழற்சியை நிறுத்தி, தண்ணீர் பிடித்து, துணியைக் கலைத்துவிட்டு மீண்டும் முயலும்படிதான் இவ்வகை மெஷின்கள் பலவும் அமைக்கப்பட்டுள்ளன. அப்போதும் சரியாகாவிட்டால் எச்சரிக்கை ஒலி எழுப்பி நின்றுவிடும். எல்ஜி மெஷின்களின் திரையில் ‘யூஈ’ என்ற குறியீடு தோன்றுவது இதற்காகத்தான். ஆகவே உங்கள் போர்டு தன் வேலையைச் சரியாகவே செய்கிறது என்று தெரிகிறது. டப் ஏன் ஆடுகிறது என்பதைத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் துணி எதுவும் போடாமல், பிழிதலை மட்டும் தேர்ந்தெடுத்து ஓட்டிப் பாருங்கள். வெறும் டப் வேகமெடுத்துக் கடைசிவரை சீராகச் சுழன்றால், மோட்டார், பெல்ட், பிழியும்போது டப்பை மோட்டாருடன் இணைக்கும் கிளட்ச், மூடி சுவிட்ச் ஆகிய எல்லாவற்றையும் ஒரே சோதனையில் சந்தேகப் பட்டியலிலிருந்து பெரும்பாலும் நீக்கிவிடலாம். எஞ்சுபவை துணி போடும் முறை, மெஷின் நிற்கும் தரை, டப்பைத் தாங்கும் சஸ்பென்ஷன் ராடுகள் ஆகிய மூன்றுதான்.

துணியைப் பொறுத்தவரை, ஜமுக்காளம், கால்மிதி போன்ற கனமான ஒன்றைத் தனியாகப் போட்டால் அது நீரைக் குடித்து ஒரே பக்கத்தில் உட்கார்ந்துவிடும்; இரண்டு மூன்று துண்டுகளையும் சேர்த்துச் சுற்றிலும் பரப்பிப் போடுங்கள். நீர் ஊடுருவாத மெத்தை உறை, மழைக்கோட்டு போன்றவற்றை மட்டும் எக்காரணம் கொண்டும் மெஷினில் பிழியாதீர்கள்; உள்ளே தேங்கும் நீர் சுழற்சியின் நடுவே திடீரென இடம் மாறி மெஷினையே புரட்டிவிடக்கூடும்.

அடுத்தது தரை. குளியலறையிலும் பால்கனியிலும் நீர் வடிவதற்காகத் தரையைச் சரிவாகவே போடுவார்கள் என்பதால், மெஷின் சமமாக நிற்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய்ய இயலாது. கொத்தனார் பயன்படுத்தும் ரசமட்டத்தை மேலே வைத்துப் பாருங்கள். எதிரெதிர் மூலைகளை மாறி மாறி அழுத்தியும் பாருங்கள். ஆட்டம் தெரிந்தால், திருகக்கூடிய கால்களைச் சரிசெய்து, அவற்றின் பூட்டு நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் வைத்த ஸ்டாண்டின் மீது மெஷினை ஏற்றியிருந்தால், அதை இறக்கிவிட்டு ஒரு முறை ஓட்டிப் பாருங்கள். நகர்த்துவதற்கு வசதி என்று வாங்கும் அந்த ஸ்டாண்டே பல வீடுகளில் பாதிச் சிக்கலுக்குக் காரணமாக இருக்கிறது.

இவை இரண்டும் சரியாக இருந்தால், ஏழு ஆண்டுகள் ஓடிய மெஷினில் என் சந்தேகம் முழுவதும் சஸ்பென்ஷன் ராடுகள் மீதுதான் விழும். வெளிக்கூட்டின் நான்கு மூலைகளிலிருந்தும் தொங்கும் நான்கு கம்பிகளில்தான் டப் முழுவதும் ஊஞ்சல்போல நிற்கிறது. ஒவ்வொரு கம்பியின் கீழ்முனையிலும் ஒரு ஸ்பிரிங்கும், உராய்வினால் ஆட்டத்தை அடக்கும் ஒரு கிண்ணமும் உள்ளன. அதிலுள்ள கிரீஸ் வற்றினாலோ, பிளாஸ்டிக் தேய்ந்தாலோ ஆட்டம் அடங்காது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூடியைத் திறந்து, டப்பின் விளிம்பை ஒவ்வொரு பக்கமாக அழுத்தி விடுங்கள். மேலே வந்து உடனே அடங்கினால் ராடு நலமாக உள்ளது. பல முறை குதித்தாலோ, ஒரு பக்கம் மட்டும் தாழ்ந்து நின்றாலோ ராடு போய்விட்டது என்று பொருள். அதற்கு எண்ணெய் விடுவது தவறு. எண்ணெய் உராய்வைக் குறைத்து ஆட்டத்தை இன்னும் கூட்டிவிடும்.

ராடுகளை நான்காகச் சேர்த்து மாற்றுவதே முறை. ஒன்றை மட்டும் மாற்றினால் புதியதும் பழையதும் ஒத்துப்போகாமல் டப் சாய்ந்தே நிற்கும். மாடல் எண்ணைச் சொல்லி உதிரிபாகக் கடையில் கேளுங்கள். சில மாடல்களில் முன்புற ராடும் பின்புற ராடும் ஒன்றுபோல இருப்பதில்லை என்பதால், கழற்றுவதற்கு முன் புகைப்படம் எடுத்துக்கொள்வது நல்லது. பெரும்பாலும் பின்புறமுள்ள ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மேல்பலகையைத் தூக்கிவிடலாம். அதில் வரும் வயர்கள் இழுபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஒருவர் டப்பைச் சற்றே தூக்கிப் பிடிக்க, மற்றவர் ராடின் மேல்முனையை அதன் குழியிலிருந்து விடுவிக்க வேண்டும். இது தனியாளாகச் செய்யும் வேலையன்று.

வெறும் டப்பே சுழலவில்லையென்றால் வழி வேறு. நீர் முழுவதும் வடிந்ததா என்று முதலில் பாருங்கள். மேல்திறப்பு மெஷின்கள் பலவற்றில் நீரை வெளியேற்றப் பம்ப் கிடையாது. அது தானாகவே கீழ்நோக்கி வடிய வேண்டும். எனவே டிரெயின் பைப்பை உயரத்தில் மாட்டியிருந்தாலோ, வால்வில் பட்டனோ நாணயமோ சிக்கியிருந்தாலோ நீர் மிச்சம் நிற்கும், பிழிதலும் தொடங்காது. நீர் வடிந்தும் சுழலவில்லையென்றால், வடிகால் வால்வைத் திறக்கும் அதே சிறு மோட்டார்தான் பல மாடல்களில் கிளட்ச்சையும் இழுக்கிறது என்பதை நினைவில் கொண்டு, அதைச் சோதிக்கச் சொல்லுங்கள். அடிப்பகுதி திறந்திருக்கும் மெஷினானால் எலி கடித்த வயர் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்ப்பதும் அவசியம். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுற்றவில்லை என்றால், அதைச் சுழலத் தொடங்க உதவும் கெப்பாசிட்டர் பழுதாகியிருக்கலாம். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர்கள் அதைத் தொட வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் மெக்கானிக் போர்டுதான் என்றால், எந்தச் சோதனையில் அது தெரிந்தது என்று கேளுங்கள். தெளிவான விடை வராவிட்டால், ராடுகளை மாற்றிப் பார்க்கும் வரை போர்டுக்கு முன்பணம் கொடுக்காதீர்கள்.