சர்வர் வாங்குமுன் கோர் கணக்கு

கேள்வி: 40 பேர் வேலை செய்யும் அலுவலகம். ஈஆர்பி, டேட்டாபேஸ், ஃபைல் சர்வர், டொமைன் கன்ட்ரோலர் என விண்டோஸில் நான்கு விஎம் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கணினிபோல ஓடுபவை) ஓட வேண்டும். 2 சாக்கெட் (சிப் பொருத்தும் இடம்), மொத்தம் 32 கோர் (சிப்புக்குள் வேலை செய்யும் பகுதி) என்று டீலர் கொட்டேஷன் தந்திருக்கிறார். அவ்வளவு தேவையா?

பதில்: பெரும்பாலும் தேவைப்படாது. ஒரு சிப்பில் எட்டுப் பத்துக் கோர் மட்டுமே கிடைத்த காலத்துப் பழக்கம்தான் 2 சாக்கெட். இன்று ஏஎம்டி எபிக்கில் ஒரே சிப்பில் 192 கோர் வரை வந்துவிட்டது. ஆனால் உண்மையில் கையைக் கடிப்பது லைசென்ஸ். விண்டோஸ் சர்வர் ஸ்டாண்டர்டைக் குறைந்தது 16 கோருக்கு வாங்கியாக வேண்டும். சர்வரிலுள்ள எல்லாக் கோருக்கும் ஒருமுறை வாங்கினால் 2 விஎம் உரிமை. எனவே 16 கோர் சர்வரில் உங்கள் நான்கு விஎம்முக்கு 32 கோர் லைசென்ஸ். 32 கோர் சர்வரில் அதே நான்குக்கு 64. பயாஸில் பாதிக் கோரை அணைத்து வைத்தாலும் இந்தக் கணக்கு மாறாது. 40 பேருக்கான கேல் (சர்வரைப் பயன்படுத்த ஆளுக்கு ஒன்றாக வாங்கும் லைசென்ஸ்) தனிச் செலவு.

விஎம்களை ஓட்டும் மென்பொருளான விஎம்வேரை பிராட்காம் வாங்கியபின், 2023 டிசம்பரில் நிரந்தர லைசென்ஸ் விற்பனை நின்றுபோய் எல்லாம் சந்தாவாகிவிட்டது. அதே வேலைக்கு விண்டோஸோடு வரும் ஹைப்பர்-வி உங்களுக்குத் தாராளம். ஒரே சாக்கெட், 16 கோர், கிளாக் வேகம் கூடுதலான சிப் என்று கேளுங்கள்.

கொட்டேஷனில் ‘ரேம் 128 ஜிபி’ என்று மட்டும் இருந்தால் விடாதீர்கள். இன்டெலின் 4ஆம் தலைமுறை ஜியான் ஸ்கேலபிள் சிப்பில் 8 மெமரி சேனல் (சிப்புக்கும் ரேமுக்கும் இடையிலான பாதை). 64 ஜிபி இரண்டைச் செருகினால் 6 சேனல் சும்மா கிடக்கும், டேட்டாபேஸ் திணறும். 16 ஜிபி எட்டாகப் போடச் சொல்லுங்கள். ரேம் தயாரிப்பாளர்கள் ஏஐ சர்வர்கள் பக்கம் சாய்ந்ததில் 2025 கடைசியில் டிடிஆர்5 (புதிய சர்வர்களின் ரேம் வகை) விலை கடுமையாக ஏறியது. அதனால் கொட்டேஷன் எத்தனை நாள் செல்லும் என்பதையும் எழுதி வாங்கிவிடுங்கள்.

கேள்வி: ரீஃபர்பிஷ்டு சர்வர் வாங்கலாமா?

பதில்: பேக்கப்புக்கோ டெஸ்டிங்குக்கோ என்றால் வாங்கலாம். முதலில், பல டிஸ்க்கைச் சேர்த்து நிர்வகிக்கும் ரெய்டு கார்டின் பேட்டரியைப் பாருங்கள். அது செத்திருந்தால் கார்டு பொதுவாக ரைட்-பேக்கிலிருந்து (கார்டின் மெமரியில் வாங்கிவைத்துப் பிறகு டிஸ்க்கில் எழுதுவது) ரைட்-த்ரூவுக்கு (டிஸ்க்கில் எழுதி முடியும்வரை காத்திருப்பது) இறங்கிவிடும். டிஸ்க் நன்றாகவே இருக்கும், எழுதுவது மட்டும் நத்தையாக நகரும். எஸ்எஸ்டியின் தேய்மானத்தை ஸ்மார்ட் ரிப்போர்ட்டில் (டிஸ்க் தன் நிலையைத் தானே சொல்லும் அறிக்கை) பாருங்கள். பழைய டிடிஆர்4 ரேமைப் புதிய சர்வருக்கு மாற்ற முடியாது என்பதால் அதில் ரேமுக்கு அதிகம் கொட்டாதீர்கள். பணம் கொடுக்குமுன், லோடு ஓடும்போதே இரண்டு பவர் சப்ளையையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பார்த்துவிடுங்கள்.