லண்டனில் பல்கலைக்கழகப் பொது உரைகள்: களுவாஞ்சிகுடித் தங்கச்சிக்கு ஒரு பதில்

தங்கச்சி, களுவாஞ்சிகுடியில இருந்து முதுகலை படிக்க வந்து ஈஸ்ட் ஹாமில அறை எடுத்திருக்கிறன் எண்டு எழுதியிருந்தீங்க. சமூக நீதி, உலக அரசியல் எண்டு வேற பல்கலைக்கழகங்களில பின்னேரம் நடக்கிற உரைகளுக்கு வெளி ஆள் போகலாமா, காசு கட்ட வேணுமா, எழும்பிக் கேள்வி கேட்டால் விசாவுக்குச் சிக்கல் வருமா எண்டுதான் உங்கட கேள்வி.

தாராளமாப் போகலாம், பெரும்பாலும் காசும் இல்லை. விசாக் கதையைக் கடைசியில வச்சுக்கொள்ளுவம்.

முதல்ல எல்.எஸ்.ஈ. (லண்டன் பொருளியல் பள்ளி) நிகழ்ச்சிப் பட்டியலைப் பாருங்க. அடுத்தது ரசல் ஸ்குவேரில இருக்கிற சோவாஸ் (SOAS) எண்ட பல்கலைக்கழகம். ஆசியா, ஆபிரிக்கா பற்றின உரைகள் அங்கதான் கூட. அம்பேத்கர் 1916இல எல்.எஸ்.ஈ.யில சேர்ந்து, இடையில ஊருக்குப் போய் வந்து, 1923இல டி.எஸ்சி. எண்ட கலாநிதிப் பட்டம் எடுத்தவர். கயானா நாட்டு வரலாற்றாசிரியர் வால்டர் ரொட்னி 1966இல சோவாஸில கலாநிதிப் பட்டம் பெற்றவர். பட்டம் குடுக்காமல் 1597 தொட்டு இலவச உரை மட்டுமே நடத்துற கிரெஷம் கல்லூரியும் இரிக்கி. உரைகள் பெரும்பாலும் ஒக்டோபர் தொடக்கம் மார்ச் வரைக்கும்தான். மே, ஜூனில சோதனைக் காலம், பட்டியல் மெலிஞ்சு போகும்.

ஈஸ்ட் ஹாமில இருந்து டிஸ்ட்ரிக்ட் லைன் ரயில் மாறாமல் டெம்பிள் ஸ்டேஷனுக்கு வரும். அங்கயிருந்து எல்.எஸ்.ஈ.க்கு நடந்தே போகலாம். கிழமை நாளில பின்னேரம் 4 மணியில இருந்து 7 மணி வரை ரயில்ல கட்டணம் கூட. ஆனா ஈஸ்ட் ஹாம் மாதிரி வெளி வலயத்தில இருந்து நகர நடுவில இருக்கிற முதலாம் வலயத்துக்குப் போற பயணத்துக்கு அந்தப் பின்னேரக் கூட்டல் இல்லை, 6.30 உரைக்குப் போறதும் அப்பிடித்தான். பஸ்ஸில அந்தக் கூட்டிக் குறைக்கிற கதை இல்லை. ஒரு மணித்தியாலத்துக்குள்ள எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம். என்ன, நேரம்தான் இழுக்கும்.

டிக்கெட்டிலதான் புதுசா வாற ஆக்கள் ஏமாறுறது. இலவசமாப் பதிஞ்ச ஆக்களில கன பேர் வரமாட்டாங்க. அதுக்காகவே கதிரையை விடக் கூடுதலான டிக்கெட்டைக் குடுத்து வைப்பாங்க. அதனால கையில டிக்கெட் இருக்கு எண்டு 6.30க்குப் போய் நிண்டால் மண்டபம் நிறைஞ்சு கிடக்கும். அரை மணித்தியாலம் முந்திப் போங்க. இதையே மறுபக்கமாப் பார்த்தால், டிக்கெட் முடிஞ்சது எண்டு போட்டிருந்தாலும் வாசல் வரிசையில நிண்டு பார்க்கலாம், இடம் கிடைக்கிறது அரிதில்லை. உறுதி மின்னஞ்சல் வராட்டி ஸ்பாம் பெட்டியைத் தேடுங்க. கட்டடப் பெயர் வேற, மண்டபப் பெயர் வேற, ரெண்டையும் குறிச்சுக்கொள்ளுங்க. இங்க முதலாம் மாடி எண்டால் நம்மட ஊர் மாதிரித்தான், நிலத்தளத்துக்கு மேல. விரிவுரையாளர் வேலைநிறுத்தம் நடக்கிற கிழமையில உரையை ரத்துச் செய்யவோ இடம் மாத்தவோ கூடும். அண்டைக்குக் காலமையே ஒருக்காப் பார்த்துட்டு வெளிக்கிடுங்க.

உள்ளுக்கு நடக்கிற ஒழுங்கு இப்பிடி: தலைமை வகிக்கிறவர் அறிமுகம் செய்வார், பேச்சாளர் முக்கால் மணித்தியாலம் அளவில பேசுவார், சிலவேளை இன்னொருவர் பதிலுரை சொல்லுவார், மிச்சம் கேள்வி நேரம். தலைமைக்கு நம்மட கோயிலை நிர்வகிக்கிற வண்ணக்கரை விட அதிகாரம் கூட. மைக்கை யாருக்குக் குடுக்கிறது, எப்ப பறிக்கிறது எல்லாம் அவர்தான். மூண்டு கேள்வியை ஒண்டாச் சேர்த்து வாங்கிட்டுத்தான் பதில் சொல்ல விடுறது வழக்கம். ஆகையால கேள்வி சுருக்கமா இல்லாட்டி மத்த ரெண்டுக்கும் நடுவில அமிழ்ந்து போகும்.

நம்மட ஆக்கள் கெடுத்துக்கொள்ளுறது இந்த இடத்திலதான். இலங்கை இனப்பிரச்சினையை 1956இல தொடங்கி 2009 வரைக்கும் சொல்லி முடிச்சிட்டுக் கேள்விக்கு வரலாம் எண்டு நினைப்பாங்க; 1977 வரும்போதே மைக் போயிடும். சொன்னது பிழை எண்டில்ல, கேள்வி எங்க எண்டு சபைக்கு விளங்காததுதான் காரணம். பெயர், படிக்கிற இடம், பேச்சாளர் சொன்ன ஒரு வசனம், அதில இருந்து ஒரு கேள்வி. அரை நிமிசம் போதும். உதாரணத்துக்கு, நிலைமாறுகால நீதி, அதாவது போர் முடிஞ்ச நாட்டில நடந்த அநியாயங்களுக்கு நீதி தேடுறது, பற்றின உரை எண்டு வையுங்க. "2021 மார்ச்சில ஐ.நா. மனித உரிமைப் பேரவை 46/1 தீர்மானத்தால இலங்கை பற்றின சாட்சியங்களைச் சேகரிச்சுப் பாதுகாக்கச் சொன்னது. அந்தச் சாட்சியம் எந்த நாட்டு நீதிமன்றத்துக்குப் போகலாம் எண்டு நினைக்கிறீங்க?" இப்பிடிக் கேட்டால் பேச்சாளர் நழுவ ஏலாது. முதல் நாளே கடதாசியில எழுதி வையுங்க. ஆங்கிலம் தடக்கினால் பார்த்து வாசிக்கலாம், யாரும் சிரிக்கமாட்டாங்க. பேச்சாளர்ர கட்டுரை ஒண்டையாவது வாசிச்சிட்டுப் போற ஒரு உரை, சும்மா போய்க் கேட்கிற பத்து உரைக்குச் சமன் எண்டு நான் சொல்லுவன்.

கன உரைகளை ஒளிப்பதிவு செய்வாங்க, பார்வையாளரும் அதில விழலாம். ஊரில இருக்கிற குடும்பத்தை நினைச்சு முகம் தெரியக் கூடாது எண்டால் கமரா எங்க நிக்குது எண்டு பார்த்து அதுக்குப் பின்னால இருங்க. கேள்வியை இணையம் வழியாப் பெயரில்லாமல் அனுப்ப விடுறாங்களா எண்டும் கேட்டுப் பாருங்க. சின்ன அறைக் கூட்டமெண்டால் தொடக்கத்தில "சாத்தம் ஹவுஸ் (Chatham House) விதி" எண்டு சொல்லக் கூடும். 1927 தொட்டு இருக்கிற விதி அது. கேட்ட விசயத்தைப் பயன்படுத்தலாம், யார் சொன்னது, யார் வந்தது எண்டு வெளியில சொல்லக் கூடாது. அண்டைக்குப் பேஸ்புக்கில படம் போடுற வேலை வேணாம்.

இனி விசா. உரை கேட்கிறதுக்கோ கேள்வி கேட்கிறதுக்கோ மாணவர் விசா நிபந்தனையில தடை இல்லை. ஆனா ரெண்டு விசயத்தில கவனம். விடுதலைப் புலிகள் அமைப்பு 2001இல இருந்து இங்க தடை செய்யப்பட்ட அமைப்பு. ஆதரவு எண்டு சந்தேகம் வாற மாதிரி அதன் சின்னத்தையோ கொடியையோ பொது இடத்தில காட்டுறது பயங்கரவாதச் சட்டத்தின்படி குற்றம், சட்டையில இருந்தாலும் அப்பிடித்தான். மற்றது, நாளைக்கு உங்களையே பேசக் கூப்பிட்டுச் சன்மானம் தாறம் எண்டால் உடன ஓம் எண்டு சொல்லாதீங்க. மாணவர் விசாவில சுயதொழில் செய்ய ஏலாது, அந்தக் காசு அதுக்குள்ள விழலாம். உங்கட பல்கலைக்கழக வெளிநாட்டு மாணவர் ஆலோசகரிட்டக் கேட்டுட்டு மறுமொழி சொல்லுங்க.

ஊரில வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகத்தில படிக்கிற சிநேகிதியும் நேரலையில பார்க்க விரும்புறா எண்டு கேட்டிருந்தீங்க. இங்க மாலை 6.30 எண்டால் குளிர்காலத்தில அங்க நடுச்சாமம் 12, கோடையில இரவு 11. மார்ச் கடைசி ஞாயிறும் ஒக்டோபர் கடைசி ஞாயிறும் இங்க மணிக்கூடு மாறும். அந்தக் கிழமைகளில நேரத்தைத் திரும்பக் கணக்குப் பார்த்து அவவுக்குச் சொல்லுங்க.