டார்டாரிக் அமிலம் என்றால் என்ன? வீட்டில் பயன்படுத்தலாமா?

புளிக்குப் புளிப்பைத் தருவதே டார்டாரிக் அமிலம்தான். திராட்சையிலும் உண்டு. பிரித்தெடுத்தால் நிறமில்லாத படிகம், தண்ணீரில் எளிதாகக் கரையும். 1769இல் ஷீலே என்ற வேதியியலாளர் இதைத் தனியாகப் பிரித்தார்.

மாங்காய் பழுத்தால் புளிப்பு போய்விடும், ஏனென்றால் அதிலுள்ள அமிலம் குறைந்துவிடுகிறது. புளியம்பழத்தில் அப்படி இல்லை. பழுக்கும்போதும் டார்டாரிக் அமிலம் குறையாமல் நிற்கும், சர்க்கரைதான் கூடும். புளிக்குழம்பில் வெல்லம் போடுவது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்: நாக்குக்குப் புளிப்பு அடங்கும், புளி எங்கும் போகாது.

களியக்காவிளைப் பக்கம் புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்க்காத வீடு அபூர்வம். பித்தளையின் மேல் படிந்த கறுப்பை அமிலம் கரைத்துவிடுவதால்தான் அந்தப் பளபளப்பு. பேக்கரியில் சோடா உப்போடு சேர்ந்தால் வாயு கிளம்பி மாவு உப்பும்.

ஆனால் பித்தளையைத் தேய்க்கும் அதே குணம், வெள்ளீயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் ரசம் வைத்தால் செம்பையும் கரைத்து உணவில் சேர்க்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அலுமினியத்திலும் புளிக்கரைசலை ஊற்றி வைக்க வேண்டாம். கடையில் வாங்கும் பொடி என்றால் கண்ணாடிப் புட்டியில், ஈரம் படாமல், பிள்ளைகளுக்கு எட்டாமல் வையுங்கள். தூசி கண்ணில் பட்டால் எரியும். உடனே 15 நிமிடம் தண்ணீர் விட்டுக் கழுவி, எரிச்சல் நிற்காவிட்டால் மருத்துவரிடம் போங்கள்.

அப்புறம், மீன் குழம்புக்குப் போடும் குடம்புளியிலும் இதே அமிலம்தான் என்று பலர் நினைக்கிறார்கள். அதில் முக்கியமாக இருப்பது ஹைட்ராக்சி சிட்ரிக் அமிலம், இது வேறு.