சிரித்த இடம் (வாசகர் கடிதமும் பதிலும்)

அன்புள்ள அம்மா,

உங்கள் கட்டுரைகளைத் தொடர்ந்து வாசிக்கிறேன். சொந்த ஊர் கோவில்பட்டி. இரண்டு வருடமாக நவி மும்பை ஐரோலியில் ஐடி வேலை. ஆறு மாதத்துக்கு முன் திருமணம் ஆயிற்று, வீட்டில் பார்த்துச் செய்ததுதான். மனைவி மும்பை முலுண்டில் பிறந்து வளர்ந்தவர். சனி, ஞாயிறுகளில் இருவரும் சேர்ந்து காதல் நகைச்சுவைப் படங்கள் பார்ப்பது என்று முடிவு செய்தோம். எனக்கு உயிரான ‘காதலிக்க நேரமில்லை’யைப் போட்டேன். பாலையாவுக்கு நாகேஷ் கதை சொல்லும் காட்சியில் நான் விழுந்து விழுந்து சிரிக்கிறேன், அவர் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார். அப்புறம் சிரிக்க ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தில் தனியாகச் சிரிக்கிறார். அவர் வழக்கமாகப் பார்ப்பதெல்லாம் கொரியத் தொடர்கள். மெல்ல மெல்ல அவருக்கு நல்ல ரசனையை உருவாக்கலாம் என்று நினைக்கிறேன். தமிழ், இந்தி, ஆங்கிலத்தில் சோக முடிவு இல்லாத, இலகுவான பத்துப் படங்களை வரிசையாகச் சொல்ல முடியுமா? எந்த ஓடிடியில் கிடைக்கும் என்பதையும் சொன்னால் உதவியாக இருக்கும்.

எஸ்., ஐரோலி

அன்புள்ள எஸ்.,

ஓடிடி விஷயத்தை முதலில் தள்ளிவிடுகிறேன். ஐடியில் இருக்கும் பிள்ளை, அறுபதைத் தாண்டிய என்னிடம் கேட்கிற கேள்வியா இது? தேடிக்கொள்ளுங்கள். பத்து, வரிசை என்பதும் நம்மால் ஆகாது. மளிகைச் சாமானுக்குத்தான் நான் பட்டியல் போடுவேன்.

உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னை வேறு வேலை பார்க்க விடவில்லை. உங்கள் மனைவி தனியாகச் சிரித்த இடம். எந்த இடம் அது? எழுதவே இல்லையே தம்பி! நாகேஷ் காட்சியை எனக்கே விளக்குகிறீர்கள். அதை நான் உங்களுக்கு முன்னால் பார்த்தாயிற்று. ஆறு மாதமாக ஒரே கூரையின் கீழ் இருக்கும் ஒரு பெண் எதற்குச் சிரித்தாள் என்று மட்டும் உங்களுக்குத் தெரியவில்லை, கேட்கவும் தோன்றவில்லை. “சிரிக்க ஒன்றுமே இல்லாத இடம்” என்று தீர்ப்பு மட்டும் எழுதிவிட்டீர்கள். இதில் ரசனையை உருவாக்கப் போகிறீர்களாம். யாருக்கு?

கோபித்துக்கொள்ளாதீர்கள். கொஞ்ச காலமாகவே ஒரு நண்பரோடு இதைப் பற்றித்தான் வாதாடிக்கொண்டிருக்கிறேன், உங்கள் கடிதம் சரியாக நடுவில் வந்து விழுந்தது. தமிழில் காதல் படம் கொட்டிக் கிடக்கிறது, நகைச்சுவையும் கொட்டிக் கிடக்கிறது, காதல் நகைச்சுவை மிகக் குறைவு என்பது என் கட்சி. நண்பர் ஒத்துக்கொள்வதில்லை. உங்களைப் போலவே அவரும் முதலில் எடுத்து வீசுவது ஸ்ரீதரின் 1964ஆம் வருடப் படத்தைத்தான்.

நல்ல படம், மறுக்கவில்லை. வில்லன் கிடையாது, அழுகை கிடையாது. ‘ப்யார் கியே ஜா’ என்று 1966இல் இந்திக்குப் போய், நாகேஷ் வேடத்தை மெஹ்மூத் செய்தார். ஆனால் அந்தப் படத்தில் எல்லோரும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கும் காட்சி எது? மகன் கதை சொல்கிறான், அப்பா பயப்படுகிறார். இரண்டு ஆண்கள். பாக்யராஜின் ‘இன்று போய் நாளை வா’ (1981)? மூன்று பேர் ஒரு பெண்ணைக் காதலிக்க அலையும் படம். அதில் இன்றுவரை நிலைத்திருப்பது இந்தி பாடம் நடக்கும் ‘ரகு தாத்தா’ காட்சி. வாத்தியாரும் மாணவரும், இரண்டு ஆண்கள். ‘கரகாட்டக்காரன்’ (1989) வாழைப்பழம்? கேட்கவே வேண்டாம். காதல் படங்களில் நாம் கொண்டாடும் சிரிப்பை எல்லாம் எடுத்துப் பாருங்கள், காதலிக்கப்படுகிறவள் அந்த அறையிலேயே இருக்க மாட்டாள். அடுத்த பாட்டுக்குப் புடவை மாற்றப் போயிருப்பாள்.

இது ஏதோ தற்செயலாக நடந்ததில்லை. நம் சினிமாவில் நகைச்சுவை நெடுங்காலம் தனித் தண்டவாளமாகவே ஓடியது. என்.எஸ். கிருஷ்ணன் தன் குழுவை வைத்துத் தன் பகுதியைத் தானே அமைத்துக்கொள்வார். பிற்காலத்தில் கவுண்டமணி, செந்திலுக்கு ஏ. வீரப்பன் எழுதியதுபோல், காமெடிக்கென்று தனியாக ஓர் ஆள் எழுதுவது வழக்கமாயிற்று. கதாநாயகன் காதலிப்பான், காமெடியன் சிரிக்க வைப்பான், ஒருவர் வேலையில் மற்றவர் தலையிடுவதில்லை. ஆனால் கிருஷ்ணன் காலத்தில் ஒரு நல்ல விஷயம் இருந்தது. அவரோடு நடிகை டி.ஏ. மதுரம் இருந்தார். கதாநாயகனும் கதாநாயகியும் ஒரு பக்கம் பாடி அழுதுகொண்டிருக்க, மறுபக்கம் இந்த இருவரும் ஒருவரையொருவர் வாரிக்கொண்டிருப்பார்கள். அவர் ஒன்று சொன்னால் அம்மா இரண்டு சொல்வார். வாழ்க்கையிலும் கணவன் மனைவி. தமிழில் அசல் காதல் நகைச்சுவையை நடித்தது அந்தப் படங்களின் நாயக நாயகியர் அல்ல, ஓரமாக நின்ற இந்த ஜோடிதான் என்பேன். நாகேஷ், மனோரமா வரைக்கும் அந்த இழை வந்தது. எண்பதுகளில் காமெடி ஜோடி என்றாலே இரண்டு ஆண்கள் என்றாகி, பெண்ணின் வாயிலிருந்து அந்தக் கடைசிச் சிரிப்பும் பிடுங்கப்பட்டது. கோவை சரளா ஒற்றை ஆளாக எவ்வளவு நாள் இழுத்தார் பாருங்கள். ‘சதி லீலாவதி’யில் (1995) கமலுக்கே ஈடு கொடுத்துக் கொங்குத் தமிழில் பொரிந்து தள்ளுவார். ‘மைக்கேல் மதன காம ராஜ’னில் (1990) ஊர்வசி. விதிவிலக்குகளைச் சொல்லி என் வாயை அடைக்கப் பார்க்காதீர்கள், நண்பர் ஏற்கெனவே முயன்றுவிட்டார்.

ஹாலிவுட்டில் 1934லேயே இதைத் தீர்த்துவிட்டார்கள். ஃபிராங்க் காப்ராவின் ‘இட் ஹேப்பன்ட் ஒன் நைட்’ பாருங்கள். சாலையில் வண்டியை நிறுத்துவது எப்படி என்று கிளார்க் கேபிள் கட்டை விரலை நீட்டி நீட்டிப் பாடம் நடத்துவார், ஒரு கார் நிற்காது. கிளாடெட் கோல்பெர்ட் எழுந்து போய்ப் பாவாடையைச் சற்றே உயர்த்துவார், முதல் கார் கிறீச்சிட்டு நிற்கும். ஆணின் மேதாவித்தனத்தை ஒரு பெண் ஒரு நொடியில் கவிழ்க்கிறாள், அவனும் தோற்றுப்போய் வண்டியில் ஏறிக்கொள்கிறான். அதற்கப்புறம்தான் அந்தக் காதல் நமக்கு நம்பிக்கையாகிறது. படம், இயக்கம், நடிகர், நடிகை, திரைக்கதை என்று ஐந்து பெரிய ஆஸ்கர்களையும் அள்ளிய படம். இந்தியில் ‘சோரி சோரி’ (1956), ‘தில் ஹை கி மான்தா நஹீன்’ (1991) எல்லாம் இதன் பிள்ளைகள். ‘வென் ஹாரி மெட் சாலி’யும் (1989) பார்க்கலாம். அதில் நியூயார்க் உணவகத்தில் மெக் ரயன் செய்வதை இங்கே விளக்க மாட்டேன், பக்கத்து மேஜையிலிருந்து ஒரு வரி சொல்லும் அம்மாள் இயக்குநர் ராப் ரெய்னரின் சொந்தத் தாயார் என்பதை மட்டும் சொல்லி வைக்கிறேன்.

என் சித்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கல்யாணமாகி பம்பாய் சயான் கோலிவாடாவுக்கு வந்தவர். டெலிபோன் ஆபரேட்டர் வேலை. சித்தப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில். வீடு என்பது ஒரு ரூம், ஒரு கிச்சன். அதற்குள் மாமியார், கொழுந்தனார், அவர் பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், இது போதாதென்று ஊரிலிருந்து வேலை தேடி வந்து பாய் விரித்துப் படுத்திருக்கும் யாராவது ஒரு சொந்தக்காரப் பையன். பம்பாய்த் தமிழர் வீடுகளில் அந்தப் பையன் மாறுவான், பாய் மாறாது. புதுசாகக் கல்யாணமானவர்கள் பேசிக்கொள்ள வேண்டுமென்றால் ஃபைவ் கார்டன்ஸ் பூங்காவில் பெஞ்சு பிடிக்க வேண்டும், இல்லாவிட்டால் சினிமாக் கொட்டகை.

1972இல் பாசு சாட்டர்ஜியின் ‘பியா கா கர்’ வந்தது. ‘மும்பைச்சா ஜாவய்’ என்ற மராத்திப் படத்தின் இந்தி வடிவம். கிராமத்தில் விசாலமான வீட்டில் வளர்ந்த ஜெயா பாதுரி, பம்பாயில் ஒண்டுக் குடித்தனத்துக்கு மருமகளாக வருகிறார். புருஷனோடு தனியாக நாலு வார்த்தை பேச இடமில்லை. கதை அவ்வளவுதான். சித்திக்கு அப்போது இந்தி அரைகுறை. ஆனாலும் ஆரம்பத்திலிருந்து கடைசிவரை சிரித்திருக்கிறார், முன் வரிசைக்காரர்கள் திரும்பிப் பார்க்கும் அளவுக்கு. சித்தப்பா மரக்கட்டை மாதிரி உட்கார்ந்திருந்தாராம். பின்னே, திரையில் ஓடியது அவர் வீடு அல்லவா!

நடந்தே வீட்டுக்குத் திரும்பும்போது கேட்டிருக்கிறார்: “அப்படி என்னத்துக்குட்டி சிரிச்ச?”

சித்தி சொன்னார்: “ஒங்க அம்ம நேத்து ராத்திரி தண்ணி குடிக்க எத்தன மட்டம் எந்திச்சாவ, எண்ணுனியளா?”

சித்தப்பா நடு ரோட்டில் நின்றுவிட்டாராம். அப்புறம் அவருக்கு வந்த சிரிப்பில் ஒரு டாக்சிக்காரன் ஹாரன் அடித்து ஓய்ந்து போனானாம். மறுநாள் வேலை முடிந்து வரும்போது ஒரு பித்தளைக் கூஜா வாங்கி வந்து, தண்ணீர் நிரப்பி, அம்மாவின் தலைமாட்டில் வைத்திருக்கிறார். “என்னலே திடீர்னு இவ்வளவு பாசம்?” என்று ஆச்சி ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டாராம். கூஜா பலன் கொடுத்ததா என்று சித்தியிடம் கேட்டேன். “ஒன் தம்பி பின்ன எப்படிப் பொறந்தான்?” என்றார். எழுபது வயதில் சொன்னது இது.

இந்தக் கதையை எந்தத் தமிழ்ப் படத்திலாவது வைத்துப் பாருங்கள். அந்த வரியைச் சித்திக்குக் கொடுக்க மாட்டார்கள். பாயில் படுத்திருக்கும் சொந்தக்காரப் பையனுக்குக் கொடுப்பார்கள்.

இதையெல்லாம் வைத்துத்தான் கொரியத் தொடர் என்றதும் நீங்கள் உதட்டைப் பிதுக்கியது எனக்குப் பிடிக்கவில்லை. நானும் சிலது பார்த்திருக்கிறேன். இழுவைதான், மழையில் குடை பிடித்தே ஓர் எபிசோடை ஓட்டிவிடுவார்கள். ஆனால் அங்கே கதாநாயகி வாய் நிறைய நூடுல்ஸ் அடைத்துக்கொள்கிறாள், குடித்துவிட்டு உளறுகிறாள், வழுக்கி விழுகிறாள், அவனைக் கிண்டல் செய்கிறாள். இத்தனைக்கும் பிறகு அவள்தான் காதலிக்கப்படுகிறாள், தோழி வேடத்துக்குத் தள்ளப்படுவதில்லை. நம் வீட்டுப் பெண்கள் ஏன் அங்கே போய் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று நம் இயக்குநர்கள் யோசிக்கட்டும், உங்களுக்கும் வேலை இருக்கிறது.

சரி, படம். தமிழில் ஒன்றே ஒன்று என்றால் ‘மிஸ்ஸியம்மா’ (1955). எல்.வி. பிரசாத் இயக்கியது. வேலை கிடைப்பதற்காகக் கல்யாணமான ஜோடி என்று பொய் சொல்லி ஒரு பள்ளிக்கூடத்தில் சேரும் இரண்டு வாத்தியார்கள். ஒருவர் இந்து, ஒருவர் கிறிஸ்தவப் பெண். பானுமதி நடிக்க வேண்டிய வேடம் சாவித்திரிக்கு வந்தது. படம் முழுக்க அந்தப் பெண் கோபமாகவே இருப்பார், அந்தக் கோபம்தான் மொத்தப் படத்தின் சிரிப்பும். ஜெமினி சும்மா நின்று வாங்கிக்கொண்டால் போதும், அவரும் அழகாக வாங்கிக்கொள்வார். இதே படம் ‘மிஸ் மேரி’ (1957) என்று இந்தியிலும் உண்டு, ஜெமினியோடு மீனா குமாரி. சாவித்திரியை விட்டுவிட்டு அதைப் பார்ப்பேன் என்றால் உங்கள் இஷ்டம்.

இந்தியில் பாசு சாட்டர்ஜியில் இறங்குங்கள். ‘ரஜனிகந்தா’ (1974), மன்னு பண்டாரியின் சிறுகதையிலிருந்து எடுத்தது. ‘சோட்டி சி பாத்’ (1976). இதில் அமோல் பாலேகர் பஸ் ஸ்டாப்பிலிருந்து ஆபீஸ் வரைக்கும் வித்யா சின்ஹா பின்னாலேயே போவார், பேச வாய் வராது. ஸ்கூட்டர் வைத்திருக்கும் அஸ்ரானி நடுவில் புகுந்துகொள்வார். கடைசியில் பாலேகர் கண்டாலாவில் ஒரு கர்னலிடம் போய் ஆண்பிள்ளைத்தனம் படித்துவிட்டு வருவார். அந்தப் பயிற்சி எல்லாம் எனக்கு இரண்டாம்பட்சம். பின்னால் ஒருவன் வருவது தெரிந்தும் தெரியாத மாதிரி நடக்கும் வித்யா சின்ஹாவின் உதட்டோரத்தைப் பாருங்கள், அங்கே ஒரு சிரிப்பை அடக்கி வைத்திருப்பார். கதாநாயகனுக்கு முன்னாலேயே விஷயம் அவருக்குத் தெரியும். ‘பாத்தோன் பாத்தோன் மே’ (1979) லோக்கல் ரயில் காதல். நீங்கள் தினம் ரயிலில் தொங்குகிறவர் என்றால் அதில் வரும் கூட்டத்தைப் பார்த்துப் பொறாமைதான் படுவீர்கள்.

‘படோசன்’ (1968) எல்லோரும் சொல்வார்கள், நான் சொல்ல மாட்டேன். மெஹ்மூத் செய்யும் அந்தத் தமிழ்ப் பாட்டு வாத்தியார் உண்மையிலேயே பாடத் தெரிந்த ஆள். பக்கத்து வீட்டு ஜன்னலில் கிஷோர் குமார் பாட்டுக்கு வாயசைக்கும் சுனில் தத் பெண்ணைத் தட்டிக்கொண்டு போகிறார். தமிழர்கள் நிறைந்த மாட்டுங்காவில் இத்தனை வருடம் குடியிருந்துவிட்டு இதற்கு நான் எப்படிச் சிரிப்பது?

இலகுவான படம் என்று எழுதியிருந்தீர்கள். ‘பியா கா கர்’ இலகுவான படமா இல்லையா என்று சயானில் குடியிருந்தவர்களிடம் கேளுங்கள்.

இந்த வாரம் உங்கள் படம் எதுவும் வேண்டாம். ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, அவருக்குப் பிடித்த கொரியத் தொடர் ஒன்றை முதல் எபிசோடிலிருந்து போடச் சொல்லுங்கள். பெரும்பாலும் பதினாறு எபிசோடு இருக்கும். நாகேஷ் இதைவிட நன்றாகச் செய்திருப்பார் என்று நடுவில் ஆரம்பிக்காதீர்கள். சப்டைட்டில் வேகமாக ஓடுகிறது, படிக்க முடியவில்லை என்று எனக்கு இன்னொரு கடிதமும் போடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரைக் கேட்டால் சொல்லிவிட்டுப் போகிறார்.